மலையும் காடும் ஒரே தொட்டியில்

ஒரு சாண் உயரச் செடி. பெரணியைப் போல நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகள், மேலே நீலச்சாம்பல் படிந்து, அடியில் மெத்தையாகப் பரந்திருக்கும். அவற்றுக்கு மேல் வில்லாக வளைந்த காம்புகளில் இதய வடிவப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும்: ரோஜா நிறம், அடர்சிவப்பு, வெள்ளை. ஒவ்வொரு பூவின் நுனியிலும் உள்ளிதழ் வெளியே நீண்டு, சொட்டக் காத்திருக்கும் துளியாகத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்: பிளீடிங் ஹார்ட். இந்தக் கட்டுரைக்கு இதயப்பூ என்று வைத்துக்கொள்வோம்.

வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் போன்ற குளிர்நாடுகளில் நேர் வெயில் விழாத தோட்ட மூலைக்கும் வடக்கு பார்த்த பால்கனிக்கும் ஏற்ற செடி இது. நிழலில் இத்தனை மாதம் பூக்கும் பல்லாண்டுச் செடிகள் குறைவு. அதிலும் குட்டை வகைகள் ஒரு தொட்டிக்குள் அடங்கிவிடும். வாங்கிய ஆண்டு கொள்ளை அழகாக இருக்கும். மறு வசந்தத்தில் தொட்டியைப் பார்த்தால் வெறும் மண். கிளறினால் அழுகிப்போன வேர். நிழல்செடி, ஈரம் கேட்கும் என்று அட்டையில் எழுதியிருந்ததை நம்பித் தண்ணீர் ஊற்றியவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது.

அட்டையில் இருந்தது பொய்யில்லை, பாதி உண்மை. இந்தக் குட்டைச் செடிகளின் பெற்றோர் இரு வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஈரம் கசியும் காட்டின் அடித்தளத்தில் வாழ்வது. இன்னொன்று மரமே முளைக்காத எரிமலைச் சரிவின் சரளைக்கல்லில் வாழ்வது. இரண்டின் தேவையும் பிள்ளையிடம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மண், தண்ணீர், வெயில், குளிர் என்று எல்லாக் கேள்விக்கும் விடை தானாக வந்துவிடும்.

எது இதயப்பூ?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டு நர்சரிகளில் பிளீடிங் ஹார்ட் என்று கேட்டால் ஒரு கொடியைக் கொடுப்பார்கள். வெள்ளைப் புல்லிக்கூட்டுக்குள்ளிருந்து சிவப்புப் பூ எட்டிப் பார்க்கும். அது கிளெரோடெண்ட்ரம் தாம்சோனியே. மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பக் காட்டுக் கொடி, துளசியின் குடும்பம். நம் ஊர் வெப்பத்தில் நன்றாக வரும். நாம் பேசும் இதயப்பூவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை.

இதயப்பூ பாப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. குருமாவுக்கு அரைக்கும் கசகசா இதில் ஒரு செடியின் விதை. நம் தரிசு நிலங்களில் முள்ளிலையும் மஞ்சள் பூவுமாக நிற்கும் பிரம்மதண்டும் இதே குடும்பம்தான்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவருவது பெரிய இதயப்பூ. சைபீரியா, வட சீனம், கொரியா அதன் தாயகம். 1840களில் ராபர்ட் ஃபார்ச்சூன் அதைச் சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். பின்னாளில் சீனத் தேயிலைச் செடிகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கடத்திவந்த அதே ஃபார்ச்சூன். பெரிய இதயப்பூ மூன்றடி வரை வளரும், வசந்தத்தில் ஒரே மூச்சாகப் பூத்துத் தள்ளும், கோடை சூடேறியதும் மஞ்சளாகி மண்ணுக்குள் போய்விடும். ஆடி மாதத்தில் அது நின்ற இடம் வெற்றிடமாக இருக்கும். முன்பு டைசென்ட்ரா பேரினத்தில் இருந்த இதை இப்போது லாம்ப்ரோகாப்னோஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள்.

டைசென்ட்ராவிலேயே தங்கிய சிறிய உறவினர்கள்தான் நம் கதைக்குரியவர்கள். அப்பலாச்சியன் மலைக்காடுகளின் டைசென்ட்ரா எக்ஸிமியா, பசிபிக் கடற்கரைக் காடுகளின் டைசென்ட்ரா ஃபார்மோசா, ஜப்பானிய உயர்மலைகளின் டைசென்ட்ரா பெரெக்ரினா. இவற்றின் கலப்பில் பிறந்தவையே இன்று தொட்டிக்கென்று விற்கப்படும் குட்டை வகைகள்.

பூவின் பொறியமைப்பு

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பிரித்தால் இதன் அமைப்பு விளங்கும். வெளியே இரண்டு இதழ்கள். ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் சிறு பையாகப் புடைத்திருக்கிறது. இரண்டு பைகளும் சேர்ந்துதான் இதயத்தின் மேல்வளைவு. தேன் அந்தப் பைகளில் இருக்கிறது. உள்ளே இன்னும் இரண்டு ஒடுங்கிய இதழ்கள், நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு மூடியாகின்றன. மூடிக்குள் ஆறு மகரந்தத் தாள்கள், மும்மூன்றாக இரு கட்டுகளாகச் சேர்ந்து, நடுவில் சூல்முடியை அணைத்து நிற்கின்றன.

பூ தலைகீழாகத் தொங்குவதால் மழைத்துளி உள்ளே புகாது. தேன் மேலே, வாசல் கீழே. அந்த வாசலில் தொங்கியபடி உடலை நெருக்கி நாக்கை மேலே நீட்ட வலுவுள்ள பூச்சி வேண்டும். குளிர்நாட்டின் பம்பிள் தேனீ அதற்குப் பொருத்தமானது. பருத்த, மயிர் அடர்ந்த உடல். தசைகளை அதிரவிட்டுச் சூடேற்றிக்கொண்டு, மற்ற தேனீக்கள் முடங்கிக் கிடக்கும் குளிர்ந்த காலையிலும் பறக்கும். அது பூவைப் பற்றிக்கொண்டு தேனுக்காக நெருக்கும்போது உள்ளிதழ் மூடி ஒரு பக்கமாகச் சாய்கிறது. மகரந்தமும் சூல்முடியும் வெளிப்பட்டுப் பூச்சியின் உடலில் உரசுகின்றன. பூச்சி விலகியதும் மூடி பழைய இடத்துக்குத் திரும்பி மகரந்தத்தை மறைத்துவிடுகிறது. அடுத்த வருகைக்கு மிச்சம் பத்திரமாக இருக்கிறது.

நாக்கு குட்டையான தேனீக்கள் இந்த வாசலில் காத்திருப்பதில்லை. பையின் மேற்புறத்தைக் கடித்துத் துளைபோட்டு நேராகத் தேனை உறிஞ்சிவிடுகின்றன. தோட்டத்துச் செடியின் பூக்களை வரிசையாகத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றின் தோளில் சிறு ஓட்டை இருக்கும், விளிம்பு பழுப்பேறியிருக்கும். நோய் என்று எண்ணி மருந்தடிக்க வேண்டியதில்லை. அது தேன் திருட்டின் தடயம்.

சேர்க்கை நடந்த பூ ஒடுங்கிய காயாக நீள்கிறது. உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெண்ணிறத்தில் கொழுப்பு நிறைந்த சதைத் துண்டு. எறும்புக்குத் தரும் கூலி அது. எறும்பு விதையைப் புற்றுக்குத் தூக்கிப்போய்ச் சதையைத் தன் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு, விதையைக் கழிவுக் குவியலில் போட்டுவிடும். மட்கும் சத்தும் நிறைந்த அந்தக் குவியல் விதைக்கு நல்ல நாற்றங்கால். உலகில் 11,000க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் இப்படி எறும்பை நம்பி விதை பரப்புகின்றன.

காட்டுப் பக்கம்

எக்ஸிமியாவும் ஃபார்மோசாவும் இலையுதிர் மரங்களுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் கீழே வளர்பவை. காட்டின் அடித்தளத்தில் ஒளிதான் அரிய பொருள். திறந்தவெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். மரங்கள் முழுவதும் இலைவிட்ட பின் அதில் சில விழுக்காடுதான் தரையை எட்டும். ஆனால் இலையுதிர் காட்டில் பனி உருகியதற்கும் மரங்கள் தளிர்ப்பதற்கும் நடுவே சில வாரங்கள் உண்டு. அப்போது தரையெங்கும் வெளிச்சம். இதே பேரினத்தின் குக்குலேரியா என்ற சிறு செடி அந்த இடைவெளியை மட்டுமே நம்பி வாழ்கிறது. அவசரமாக முளைத்து, பூத்து, காய்த்து, மரநிழல் மூடியதும் கிழங்குக்குள் ஒடுங்கிவிடும்.

எக்ஸிமியா அப்படி ஓடி ஒளிவதில்லை. மண்ணில் ஈரமும் காற்றில் குளிர்ச்சியும் இருந்தால் கோடை முழுவதும் பச்சையாக நின்று, விட்டுவிட்டு இலையுதிர் காலம் வரை பூக்கும். பெரிய இதயப்பூவிடம் இல்லாத இந்தக் குணம்தான் குட்டை வகைகளுக்குப் பெரிய வரவு.

இந்தக் காட்டின் மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்க்க வேண்டும். மேலே முழு இலைகள். அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். இன்னும் கீழே கறுத்து உதிரும் இலைமட்கு. அழுத்தினால் ஈரம் தெரியும், கையை விட்டால் பொலபொலவென்று உதிரும். ஈரத்தையும் காற்றையும் ஒருசேரப் பிடித்துவைப்பதே அதன் சிறப்பு. காட்டுச் செடி ஈரம் விரும்பும் என்று சொல்லும்போது அந்தக் காற்றை நாம் மறந்துவிடுகிறோம்.

மலைப் பக்கம்

இன்னொரு பெற்றோரான பெரெக்ரினாவை ஜப்பானில் கொமாகுசா என்கிறார்கள். உயர்மலைத் தாவரங்களின் அரசி என்ற பட்டமும் அதற்கு உண்டு. ஹொக்கைடோவின் டைசெட்சுசான் எரிமலைத் தொகுதியிலிருந்து ஹொன்ஷு தீவின் உயர்ந்த சிகரங்கள் வரை வளர்கிறது. கிழக்கு சைபீரியா, கம்சட்கா, சகாலின் பகுதிகளிலும் உண்டு.

அது தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்த்தால் வியப்புதான். எரிமலை கக்கிய சரளை, நிழல் தர ஒரு புதர்கூட இல்லாத சரிவு, ஓயாத காற்று. இரவில் கல்லுக்கிடையே நீர் உறைந்து விரிந்து கற்களை உயர்த்தும். பகலில் உருகியதும் கற்கள் கொஞ்சம் கீழே நகரும். இப்படி ஊர்ந்துகொண்டே இருக்கும் தரையில் பெரும்பாலான செடிகளின் வேர் அறுந்துபோகும். கொமாகுசாவோ தாக்குப்பிடிக்கிறது. மண்ணுக்கு மேலே பத்து சென்டிமீட்டர்கூட இராது. கீழே வேர் அதைப்போல் பல மடங்கு ஆழத்துக்குச் சரளையை ஊடுருவி நிற்கும். மேற்பரப்பு காய்ந்து சுட்டாலும் ஆழத்தில் பனி உருகிய நீரின் குளிர்ச்சி இருக்கும். கல்லிடுக்கெல்லாம் காற்று. நீர் வரும், வேரைத் தொடும், நிற்காமல் போய்விடும்.

போட்டிக்கு ஆளில்லாத இடம் என்பதே இந்தக் கடுமைக்குக் கிடைத்த பரிசு. அங்கே ஒரு துணையும் அதற்கு உண்டு. டைசெட்சுசான் பகுதியில் உசுபாகிச்சோ என்ற மஞ்சள் பட்டாம்பூச்சி வாழ்கிறது. அதன் புழுக்கள் கொமாகுசாவின் இலையைத் தின்று வளர்கின்றன. அங்கே கோடை மிகக் குறுகியது. அதனால் முதல் குளிர்காலத்தை முட்டையாகவும் இரண்டாவதைக் கூட்டுப்புழுவாகவும் கழித்து, மூன்றாம் ஆண்டின் கோடையில்தான் அது சிறகு விரிக்கிறது. ஜப்பான் அரசு அதை இயற்கை நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கிறது.

இந்தச் செடிக்கு மனிதர்களால் வந்த இழப்பும் பெரிது. மத்திய ஜப்பானின் ஒன்டாகே புனித மலைக்கு வந்த யாத்திரிகர்களுக்கு கொமாகுசாவை மருந்தென்று விற்றார்கள். பிடுங்கிப் பிடுங்கி விற்றதில் அந்த மலையில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. நிலையற்ற சரளையில் ஒரு நாற்று வேரூன்றிப் பூக்க ஆண்டுகள் ஆகும். பிடுங்க ஒரு நொடி போதும். வேறு சில மலைகளில் தன்னார்வலர்கள் விதை சேகரித்து, விதைத்து, பல ஆண்டு உழைப்பில் அதை மீட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இரண்டும் சேர்ந்த கதை

அப்பலாச்சியனும் ஜப்பானும் எங்கே! ஆனால் 1859இல் அமெரிக்கத் தாவரவியலர் ஆசா கிரே ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். ஜப்பானின் தாவரங்களுக்கு நெருங்கிய உறவினர்கள் வட அமெரிக்காவின் மேற்கைவிடக் கிழக்கில் அதிகம் இருந்தன. ஒரு காலத்தில் வட துருவத்தைச் சுற்றித் தொடர்ந்திருந்த காடுகள் புவி குளிர்ந்தபோது தெற்கே நகர்ந்து, துண்டுபட்டு, கடலுக்கு இருபுறமும் தனித்தனியே தங்கிவிட்டன என்பதே இன்றைய விளக்கம். டைசென்ட்ராவும் இப்படிப் பிரிந்த குடும்பங்களில் ஒன்று. தனித்தனியே மாறிப்போனாலும் கலந்து பிள்ளை பெற முடியாத அளவுக்கு அவை விலகிவிடவில்லை.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலர் மேரியன் ஓன்பி இந்த உறவைப் பயன்படுத்திக்கொண்டார். ஐரோப்பாவிலிருந்து வந்த டிராகோபோகன் களைச்செடிகள் தம்முள் கலந்து, குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்து, அமெரிக்க மண்ணிலேயே இரண்டு புதிய இனங்கள் பிறந்திருப்பதை 1950இல் விவரித்தவர் அவர். ஓர் இனம் கண்ணெதிரே உருவாவதைப் பதிவுசெய்த அந்த ஆய்வு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அதே கைகள்தான் இதயப்பூக்களையும் கலந்தன. லக்ஷூரியன்ட், கிங் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற வகைகள் அவர் தந்தவை. கிங் ஆஃப் ஹார்ட்ஸில் கொமாகுசா, ஃபார்மோசா, எக்ஸிமியா மூன்றின் ரத்தமும் ஓடுகிறது. கொமாகுசாவையும் எக்ஸிமியாவையும் கலந்து பின்னர் ஜப்பானில் உருவானவை பர்னிங் ஹார்ட்ஸ், கேண்டி ஹார்ட்ஸ், ஐவரி ஹார்ட்ஸ் ஆகியவை. எல்லாமே ஏறத்தாழ ஓரடிக்குள் அடங்கும்.

பிள்ளைகளில் எது யாருடையது என்று எளிதில் சொல்லிவிடலாம். குட்டை உருவம், நீலச்சாம்பல் மெழுகு, பெரிய பூ எல்லாம் மலையிலிருந்து வந்தவை. நிழலைப் பொறுக்கும் தன்மையும் மாதக்கணக்கில் பூப்பதும் காட்டிலிருந்து வந்தவை. நீண்டு பூப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெவ்வேறு இனங்களின் குரோமோசோம்கள் ஒரே செல்லில் சேரும்போது அவை சரியாக இணை சேர்வதில்லை. மகரந்தமும் சூலும் பழுதாகின்றன. எனவே இந்தக் கலப்பினங்களில் பல விதை பிடிப்பதில்லை. விதை முற்றத் தொடங்கியதும் பூப்பதை நிறுத்தும் செடிகள் உண்டு. விதையே பிடிக்காத செடிக்கு அந்த நிறுத்தக் கட்டளை வருவதில்லை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

இனி தொட்டிக்கு வருவோம். காட்டின் ஈரமும் வேண்டும், சரளையின் வடிகாலும் வேண்டும். ஒரே தொட்டிக்குள் இரண்டையும் தருவது எப்படி?

அதற்குத் தொட்டியில் நீர் நடந்துகொள்ளும் விதம் தெரிய வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீரில் முக்கி எடுத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். பிழியாமலே மீண்டும் நீர் சொட்டும். ஸ்பாஞ்சும் துளைகளும் மாறவில்லை, உயரம்தான் மாறியது. நுண்ணிய துளைகள் தந்துகி விசையால் நீரைப் பிடித்துவைக்கின்றன, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் உயரம் வரை அடிப்பகுதியில் நீர் தேங்கியே நிற்கும். தொட்டி மண்ணிலும் அதேதான். அடியில் ஓட்டை இருந்தாலும் அதற்கு மேலே ஒரு அடுக்கு எப்போதும் நீரில் ஊறிக் கிடக்கிறது. அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்துகளின் பருமன். தொட்டியின் உயரம் அல்ல.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, ஆழமில்லாத தட்டுத் தொட்டி இதயப்பூவுக்கு எமன். ஊறிய அடுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்றால், பத்து சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் வேருக்குப் பாதி மண்தான் மிஞ்சும். முப்பது சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் இருபத்தைந்து மிஞ்சும். செடி குட்டை என்பதற்காகத் தொட்டியும் குட்டையாக இருக்கக் கூடாது. கொமாகுசாவின் வேர் எத்தனை ஆழம் போகும் என்று பார்த்தோமே!

இரண்டாவது, அடியில் ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் போட்டால் நீர் வடியும் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். நுண்துளை மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லடுக்குக்குள் நீர் எளிதில் இறங்காது. மேல் மண் நிறைந்து வழிந்தால்தான் இறங்கும். ஆகவே ஊறிய அடுக்கு மறையாது, கல்லுக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்கான இடம் இன்னும் குறையும்.

மூன்றாவது, கல்லை அடியில் போடுவதற்குப் பதில் கலவை முழுவதும் கலக்க வேண்டும். நன்கு மட்கிய இலைமட்கு இரண்டு பங்குக்கு, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள சிறுகல்லோ எரிமலைச் சரளையோ பெர்லைட்டோ ஒரு பங்கு நல்ல அளவு. கொமாகுசாவின் ரத்தம் மிகுந்த வகைகளுக்குச் சரளையைச் சரிபாதியாக்கலாம். சரளையைக் கலக்கும் முன் சலித்துத் தூசியை நீக்குவதை ஜப்பானிய மலைச்செடி வளர்ப்பவர்கள் தவறாமல் செய்கிறார்கள். சல்லடைக்குக் கீழே விழும் அந்த மாவுதான் துளைகளை அடைத்து எல்லா முயற்சியையும் வீணாக்கும். சலித்துக் கழுவிய சரளையைக் கையில் எடுத்தால் விரலில் சேறு ஒட்டக் கூடாது, அதுதான் அளவுகோல்.

இவ்வளவு மெனக்கெடுவது காற்றுக்காக. வேரும் சுவாசிக்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் நீரில் பரவும். துளைகளெல்லாம் நீரால் நிரம்பினால் வேர் மூச்சுத் திணறுகிறது. அழுகல் பூஞ்சைகள் புகுந்துவிடுகின்றன. செடி வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லையோ என்று நாம் இன்னும் ஊற்றுகிறோம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, அங்கே ஈரம் தெரியாதபோது மட்டும் ஊற்றுவதே சரி. ஊற்றும்போது அடியில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

வெயிலும் நிழலும்

நிழல் என்றால் இருட்டு அல்ல. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், அதன்பின் மரத்தின் ஊடாகச் சல்லடையாக விழும் ஒளி. இதுதான் இதயப்பூவுக்குப் பிடித்தது. கோடை மிதமாக இருக்கும் ஊர்களில் குட்டை வகைகள் இன்னும் கொஞ்சம் வெயிலைத் தாங்கும். மலைப் பரம்பரை அல்லவா. பகல் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்களில் பிற்பகல் வெயில் கண்டிப்பாக ஆகாது. வேர் சூடேறுவது இலை சூடேறுவதைவிட ஆபத்தானது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் நின்றால் உள்மண் காற்றைவிட வெகுவாகச் சூடேறும். வெளிர் நிறத் தடித்த தொட்டியும் மேலே ஒரு விரற்கடை சரளை மூடாக்கும் வேரைக் காக்கும். தண்டுக் கழுத்தில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வதும் அந்தச் சரளைதான்.

உரம் குறைவாகவே போதும். வசந்தத்தில் ஒரு கை இலைமட்கு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கொழிக்கும், பூ குறையும். நிலத்தில் நடுகிறவர்கள் பெரணி, ஹோஸ்டா, ஹியூகெரா ஆகியவற்றை அருகில் வைக்கலாம். ஹோஸ்டாவின் அகன்ற இலை இதன் மேல் கவியாத அளவு இடைவெளி விட வேண்டும்.

குளிர் ஒரு தேவை

இந்தச் செடிக்குக் குளிர்காலம் தண்டனை இல்லை. அது இல்லாமல் அடுத்த வசந்தமே இல்லை. இலையுதிர் காலத்தில் தழை காய்ந்து, உயிர் முழுவதும் மண்ணுக்கடியில் உள்ள வேர்த்தண்டில் ஒடுங்குகிறது. அங்குள்ள மொட்டுகளில் வளர்ச்சியைத் தடுக்கும் பூட்டு விழுகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் வாரக்கணக்கில் நீடித்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். நடுக்குளிரில் வரும் ஒரு வார வெதுவெதுப்பை நம்பி முளைத்து, அடுத்த உறைபனியில் கருகாமல் இருக்கச் செடி கைக்கொண்ட எச்சரிக்கை இது.

சென்னையில் ஜனவரி இரவுகள்கூட 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே இந்தப் பூட்டுத் திறக்க வழியே இல்லை. இணையத்தில் படம் பார்த்து விதை வாங்கும் நம் ஊர் நண்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சமவெளித் தமிழ்நாட்டில் அதே பெயருள்ள கிளெரோடெண்ட்ரம் கொடியே சரியான தேர்வு. டொராண்டோவிலும் லண்டனிலும் ஆஸ்லோவிலும் வாழும் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அவர்களுக்கு வேறு கவலை உண்டு. நிலத்தில் நட்ட இதயப்பூ கடும் உறைபனியையும் தாங்கும், ஏனெனில் மண்ணின் பெரும்பரப்பு மெதுவாகத்தான் குளிர்கிறது. மேலே பனி விழுந்தால் அதுவே போர்வை. தொட்டியிலோ நாற்புறமும் குளிர்காற்று தாக்குகிறது. வேருக்கு மொட்டைவிடக் குளிர் தாங்கும் சக்தி குறைவு. அதனால் தொட்டியைத் தோட்ட மண்ணில் விளிம்பு வரை புதைக்கலாம், அல்லது சூடாக்கப்படாத கராஜில் வைக்கலாம். வீட்டுக்குள் கதகதப்பான ஹாலில் வைப்பது மட்டும் கூடாது. குளிர் கிடைக்காமல் செடி நலிந்துவிடும். மழையும் பனியும் மாறி மாறி வரும் இங்கிலாந்து போன்ற இடங்களில் குளிரைவிடக் குளிர்கால ஈரமே அதிகம் கொல்கிறது. கொமாகுசா குளிர்காலத்தை உறைந்த பனிக்கடியில் கழிக்கிறது; அங்கே ஒழுகும் நீர் கிடையாது. ஆகவே தொட்டியைக் கூரை விளிம்புக்குள் தள்ளி வைத்து, செடி உறங்கும் மாதங்களில் மண் முற்றிலும் காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இலைக்குள் ஒரு நஞ்சு, ஆய்வகத்தில் ஒரு கருவி

மான்கள் ஹோஸ்டாவை மேய்ந்து தீர்த்துவிடும், பக்கத்திலுள்ள இதயப்பூவைத் தொடாது. பாப்பிக் குடும்பத்தின் பொதுச்சொத்தான ஐசோகுயினோலின் ஆல்கலாய்டுகள் இதற்குக் காரணம். கசகசாச் செடியின் பாலில் மார்ஃபின். பிரம்மதண்டு விதையில் சாங்குயினரின். கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து மனிதர்களுக்கு வீக்கநோய் பரவிய சோகம் 1998இல் டெல்லியில் நடந்தது. டைசென்ட்ரா குக்குலேரியாவை மேய்ந்த மாடுகள் தள்ளாடி விழுவதை அமெரிக்க விவசாயிகள் நெடுங்காலமாக அறிவார்கள்.

அந்தத் தள்ளாட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய அறிவியல் இருந்தது. 1932இல் கனடிய வேதியியலர் மான்ஸ்கே குக்குலேரியாவிலிருந்து பைகுகுலின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். 1970இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டேவிட் கர்ட்டிஸ் குழு அதன் செயலைக் கண்டுபிடித்தது. நம் மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களை அமைதிப்படுத்துகிறது. காபா சென்று அமரும் ஏற்பியைப் பைகுகுலின் அடைத்துக்கொள்கிறது. அமைதிப்படுத்தும் குரல் அடங்கியதும் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றித் துடிக்கின்றன, வலிப்பு வருகிறது. மூளையின் எந்தச் சுற்றில் காபா என்ன செய்கிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இன்றும் பைகுகுலினைப் பயன்படுத்துகிறார்கள். காட்டின் அடித்தளத்தில் ஒரு சிறு செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த பொருள், மூளையைப் புரிந்துகொள்ள நமக்குக் கருவியானது.

வளர்ப்பவருக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. தோட்டத்து இதயப்பூவை யாரும் வாயில் வைக்கக் கூடாது. சிலருக்கு இதன் சாறு பட்டால் தோல் அரிக்கும். பிரித்து நடும்போது கையுறை நல்லது.

பெருக்குவதும் வாங்குவதும்

விதை பிடிக்காத கலப்பினத்தை வீட்டில் பெருக்க எளிய வழி வேர்த்தண்டைப் பிரிப்பது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத் தொடக்கத்தில் செந்நிற மொட்டுகள் மண்ணுக்கு மேல் தலைகாட்டும்போது, கட்டியைத் தூக்கி மண்ணை உதிர்த்துப் பார்த்தால் எங்கே பிரிக்கலாம் என்று தெரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று மொட்டாவது இருக்க வேண்டும். வேர் சட்டென்று ஒடியும். இழுக்காமல் கூரிய கத்தியால் வெட்டுவது நல்லது. அசல் இனங்களை விதையிலிருந்து வளர்ப்பவர்கள் விதையைக் காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். உதிரும்போது விதைக்குள் கரு முழுமையாக வளர்ந்திருக்காது. முதலில் ஒரு கோடையின் ஈரக் கதகதப்பும் பிறகு ஒரு குளிர்காலமும் கடந்த பின்னரே அது முளைக்கும்.

வாங்கும்போது நர்சரியில் பெருக்கிய செடிதானா என்று கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்தோ மலையிலிருந்தோ பெயர்த்தெடுத்த செடி தொட்டியில் நெடுநாள் வாழாது. அது நின்ற இடமும் காலியாகும். ஒன்டாகே மலைக்கு நேர்ந்தது இன்னொரு மலைக்கு நேர வேண்டாம்.

செடியை வாங்கியதும் நாம் பெரும்பாலும் கேட்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டியது, இதன் முன்னோர் எங்கே வாழ்ந்தார்கள் என்பது. அப்பலாச்சியன் காட்டின் இலைமட்கு, ஜப்பானிய எரிமலையின் சரளை, இரண்டுக்கும் பொதுவான நீண்ட குளிர்: இவை மூன்றையும் அறிந்தவருக்கு இதயப்பூ வளர்ப்பதில் தனி ரகசியம் எதுவும் இல்லை. எந்தச் செடிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். தாயகத்தைத் தெரிந்துகொண்டு நடும்போது செடி பிழைக்கிறது; அந்தத் தாயகத்தின் மீது நமக்கு ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது.